ஆறாவது கோட்டை

லோஜினிக்குப் பஹத் என்ற பையனைக் கண்டாலே ஆகாது. இத்தனைக்கும் அவனை அவள் ஒரு நாளும் கண்டதில்லை. அவன் குவைத்தில் இருந்தான். இவள் இலங்கையில் பூண்டுலோயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவில் இருந்தாள். நடுவில் ஒரு பெருங்கடல் கிடந்தது. கிடந்தால் என்ன, பகையாளி பக்கத்து வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று சட்டமா?

அவன் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். லோஜினியின் அம்மா மீனம்மா அவன் வீட்டுக்கு வேலைக்குப் போனாள். லோஜினியின் ஏழாவது வயதில் போனவள், ஐந்து வருஷம் அவனுக்குத் தலை வாரி, சட்டை மாட்டி, சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இங்கே லோஜினிக்குத் தலை வாரியது அப்பாவின் அக்கா காளியாயி. அத்தை நல்லவள்தான். ஆனால் சீப்பைக் கையில் எடுத்தால் புல் பிடுங்குகிற மாதிரி இழுப்பாள். லோஜினி கத்தினால் வாயை அடைக்க ஒரு பழமொழியும் வைத்திருந்தாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். தானே வளர்ந்த பிள்ளையைக் கேட்டால் அல்லவா தெரியும், அந்தப் பழமொழியின் லட்சணம்!

மூன்றாவது வருஷம் பக்கத்துத் தோட்டத்து வீரம்மா குவைத்திலிருந்து திரும்பி வந்தாள். அவளிடம் மீனம்மா ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தாள். வாசனைச் சவர்க்காரம், ஒரு கவுன், அடியில் கைக்குள் அடங்குகிற ஒரு வீடியோ கேம். பஹத்துக்குப் புதிது ஒன்று வாங்கிவிட்டார்களாம். இது அவன் கழித்துப் போட்டது. கழித்துப் போட்டதுதான் தனக்கு வருகிறது என்பது லோஜினிக்கு அப்போதே சுருக்கென்றது. இருந்தாலும் அந்தத் தோட்டத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. அதனால் கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். பேட்டரி தீர்ந்தால் அடுப்புத் திண்டில் வைத்துச் சூடு காட்டி, இன்னும் அரை மணி நேரம் ஓட்டவும் கற்றுக்கொண்டாள்.

அதில் ஏழு கோட்டைகள் இருந்தன. வாள் பிடித்த ஒரு வீரன் ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். அவன் பின்னாலேயே ஒரு வைத்தியக்காரி நடந்து வருவாள். வீரன் அடிபட்டு விழும்போதெல்லாம் அவள் கையைத் தூக்குவாள், அவனுக்கு உயிர் திரும்பும். இந்த இரண்டு பேருக்கும் விளையாடுகிறவர்களே பெயர் வைக்கலாம். பெட்டி வரும்போதே பெயர் வைத்துத்தான் வந்திருந்தது. வீரனின் பெயர் பஹத். வைத்தியக்காரியின் பெயர் மீனா. அந்த வீட்டில் அம்மாவை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இங்கிலிஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தபோது லோஜினிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பெட்டிக்குள்ளே அம்மா! நகத்தளவு பொம்மை என்றாலும் அம்மாதானே. பிறகுதான் யோசனை வந்தது, இந்தப் பெயரை இதில் எழுதியது யார் என்று. எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறது என்பதைப் பெட்டியே ஒரு மூலையில் காட்டியது. நாற்பத்துமூன்று மணி நேரம். அந்த நாற்பத்துமூன்று மணி நேரமும் அவன் அம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டு ஆடியதாகவே அவள் மனதில் படம் ஓடியது. அன்றைக்கு அத்தை வைத்த கருவாட்டுக் குழம்பைக்கூட அவள் தொடவில்லை.

பெட்டியில் ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் சேமித்து வைக்கலாம். தன் பெயரில் தொடங்க வேண்டுமென்றால் பழையதை அழிக்க வேண்டும். அழிக்கவா என்று பெட்டி கேட்கும் இடம் வரைக்கும் லோஜினி பலமுறை போயிருக்கிறாள். விரல் அங்கேயே நின்றுவிடும். பஹத்தை அழித்தால் மீனாவும் சேர்ந்து போய்விடுவாள். புதிதாக ஒரு மீனாவை எழுதிக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் அது இவள் எழுதிய மீனா. இதுவோ அம்மா பக்கத்தில் இருந்தபோது எழுதியது. ஆக, அம்மா பின்னால் வர வேண்டுமென்றால் இவள் பஹத்தாகத்தான் நடக்க வேண்டும். இரண்டு வருஷம் அப்படியே நடந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு. ஆறாவது கோட்டைக்கு மேல் போக முடியவில்லை. அங்கே ஒரு பனி ராணி வந்து வைத்தியக்காரியைப் பிடித்துக்கொண்டு போவாள். எத்தனை தடவை மோதினாலும் அவளை அடிக்க முடியவில்லை.

லோஜினியின் பன்னிரண்டாவது வயதில் அம்மா திரும்பி வந்தாள். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வேன் பிடித்துக் கூட்டிவந்தார் அப்பா செல்லசாமி. லயமே வாசலில் நின்றது. லோஜினி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள், அம்மாவும் அழுதாள், எல்லாம் முறையாகவே நடந்தது. மூன்றாம் நாள் காலையில்தான் கல் விழுந்தது. அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"பஹத், யல்லா, சாப்பிட வா."

அந்தப் பெயரில் கூப்பிட்டது அம்மாவுக்கே தெரியவில்லை. ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததைத் தட்டிக்கொண்டிருந்தாள். லோஜினி எழுந்து சாப்பிடாமலே பள்ளிக்கூடம் போனாள்.

அம்மா கொண்டுவந்த பெட்டிகளில் பெரியது லோஜினிக்கு என்றாள். திறந்தால், டிவியில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேம். அதற்குள் இருந்த சீடித் தட்டின் மேலே அதே ஏழு கோட்டைப் படம். பழைய சின்னப் பெட்டி ஆட்டத்தையே டிவிக்காகப் புதிதாய்ச் செய்திருக்கிறார்களாம். ஆட்கள் பேசுவார்களாம், பனி உண்மைப் பனி மாதிரி விழுமாம். பஹத் இதை ஒரு வருஷம் விளையாடிவிட்டான், அவனுக்கு அடுத்த மாடல் வந்துவிட்டது, ஊருக்குக் கிளம்பும்போது அவனே அழுதுகொண்டு இதைப் பையில் வைத்தான் என்று அம்மா சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் கரகரத்தது. லோஜினி பெட்டியை அப்படியே மூடி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள். பழைய எச்சில் போதாதென்று புது எச்சிலா?

அடுத்த மாதம் குவைத்திலிருந்து தகவல் வந்தது, மீனம்மா திரும்பி வர வேண்டுமாம். பஹத்தின் அம்மாவான மேடம் பேச வேண்டும் என்றதால், ஞாயிற்றுக்கிழமை பூண்டுலோயாவில் உள்ள கொமியுனிகேசன் போன் கடைக்கு அம்மா போனாள். லோஜினியும் ஒட்டிக்கொண்டு போனாள். முதலில் மேடம் பேசினாள். அதற்கு அம்மா மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு யாரோ போனை வாங்கியிருக்க வேண்டும். அம்மாவின் முகம் மலர்ந்த விதத்திலேயே அது யார் என்று லோஜினிக்குத் தெரிந்துவிட்டது. அம்மா அரபியில் கொஞ்சினாள். ஹபீபி, ஹபீபி என்று ஆறு தடவை. அதற்குக் கண்ணே, ராசாவே என்று அர்த்தம்; வீரம்மாவிடம் எப்போதோ கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள் லோஜினி. அவளை அம்மா வந்த நாளிலிருந்து 'ஏய் புள்ள' என்றுதான் கூப்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு முடிவு சொல்வதாகச் சொல்லி அம்மா போனை வைத்தாள். தோட்டத்துக்கு ஏறுகிற குறுக்குப் பாதையில் வரும்போது லோஜினிக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க போங்கம்மா. அவனுக்குத்தானே நீங்க அம்மா. நான் அத்த புள்ளதானே."

மீனம்மா நின்றாள். அடிப்பாள் என்று லோஜினி எதிர்பார்த்தாள். அடித்திருந்தால்கூடத் தேவலாம். அவள் சாமான் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு மேலே ஏறினாள். இவ்வளவு காலம் அவள் உழைத்தாள், இனிப் போவதும் இருப்பதும் அவள் இஷ்டம் என்று மட்டும் வீட்டில் செல்லசாமி அக்காவிடம் சொல்லிவிட்டு ஃபெக்டரி வேலைக்குப் போய்விட்டார். அந்தக் கிழமை முழுவதும் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே லோஜினி இளைத்தாள். போகப் போகிறாளா, இருக்கப் போகிறாளா? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அம்மா பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அலுமாரி மேலிருந்து பெட்டியை இறக்கி டிவியில் மாட்டினாள். அவன் ஒரு வருஷம் ஆடியதெல்லாம் அதில் செருகியிருந்த சின்னக் கார்டில்தான் இருக்கும். அதை அடியோடு அழித்துவிட வேண்டும். அம்மாவை அவனிடமிருந்து பிடுங்க முடியாவிட்டாலும் இதையாவது பிடுங்கலாம். இதில் இரக்கம் பார்க்க அவள் என்ன புத்தரா?

டிவியில் வெளிச்சம் வந்தது. பஹத் என்ற பெயர், பக்கத்தில் நூற்றுப்பன்னிரண்டு மணி நேரம். அழிக்கிற இடத்தையும் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் மனித மனம் லேசுப்பட்டதா? அழிக்க முன்னே ஒரே ஒரு தடவை உள்ளே பார்க்கலாம் என்றது.

உள்ளே பனி விழுந்துகொண்டிருந்தது. வீரன் நின்றான், பின்னால் மீனா நின்றாள். நகத்தளவு பொம்மை இல்லை இப்போது. முகம் இருந்தது. இந்தப் புது ஆட்டத்தில் ஆட்களின் சாயலையும் நாமே மாற்றலாம் போல. அவன் அவளுக்கு மாநிறம் கொடுத்திருந்தான். கூந்தலைக் கொண்டையாக்கி, அம்மாவுக்கு இருக்கிற மாதிரியே இடது பக்கத்தில் மூக்குத்தியும் போட்டிருந்தான். எவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்தானோ. அம்மாவுக்கு எந்தப் பக்கம் மூக்குத்தி என்று இந்த ஐந்து வருஷத்தில் யாராவது கேட்டிருந்தால் அவள் யோசித்துத்தான் சொல்லியிருப்பாள்.

ஆறாவது கோட்டையின் வாசலில்தான் அவன் நிறுத்தி வைத்திருந்தான். இவள் நின்ற அதே இடம். இரண்டடி நடந்ததும் கதவு திறந்தது. மீனாவைப் பிடித்துக்கொண்டு போக வந்தாள் பனி ராணி, நீளப் பல்லும் சிவந்த கண்ணுமாக. சின்னப் பெட்டியில் ராணிக்குப் பெயர் வைக்க முடியாது. இதில் வைக்கலாம் போலிருக்கிறது, ஏனென்றால் பஹத் வைத்திருந்தான். அவள் காலடியில் இங்கிலிஷ் எழுத்தில் பெயர் மின்னியது.

லோஜினி.

மூன்று தடவை வாசித்தாள். எழுத்து மாறவில்லை. அதற்குள் மீனம்மா தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்துவிட்டாள். டிவியைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைக்க மறந்து அப்படியே நின்றாள்.

"அம்மா, அவன்கிட்ட என்னயப் பத்திச் சொல்லியிருக்கீங்களா?"

"வேற என்னத்தச் சொல்றது?" என்றாள் மீனம்மா. "சோறு ஊட்டுறப்ப ஒன் பேச்சு, தூங்க வைக்கிறப்ப ஒன் பேச்சு. என் மக இந்நேரம் தின்னுருப்பாளா, மழையில நனைஞ்சிருப்பாளான்னு சொல்லிக்கிட்டேதான் இருப்பேன். அவனுக்கு ஒன் பேரக் கேட்டாலே கோவம் வந்துரும். லோஜினி கலாஸ், லோஜினி கலாஸ்னு வாயப் பொத்துவான்."

கலாஸ் என்றால் போதும், முடிந்தது. அந்த வார்த்தை லோஜினிக்குத் தெரியும்.

ராணி முன்னேறி வந்தாள். வீரன் அடிப்பதற்காகக் காத்திருந்தான். இரண்டு வருஷம் அந்த ராணியை வெல்வதற்குப் படாத பாடு பட்டவள் லோஜினி. இப்போது பொத்தான்களிலிருந்து இரண்டு கட்டை விரல்களையும் எடுத்துக்கொண்டாள். அடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் லோஜினி ஒரு அடி அடித்தாள், பஹத் தடுமாறினான். இரண்டாவது அடியில் முழங்காலிட்டான். மூன்றாவதில் பனியில் விழுந்தான். உயிர் கொடுக்க மீனா கையைத் தூக்குமுன் ராணி அந்தக் கையைப் பிடித்துக் கோட்டைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். கதவு மூடிக்கொண்டது. குவைத்தில் இருந்த ஐந்து வருஷத்தில் மீனம்மாவும் இந்த எழுத்துகளைக் கூட்டி வாசிக்கப் பழகியிருந்தாள். அதனால் யார் யாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று அவளுக்கும் விளங்கியது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு மகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன புள்ள, தோத்துட்டியா?"

"இல்லம்மா. ஜெயிச்சுட்டேன்."

பிறகு மீனம்மா மகளின் தலையில் கை வைத்தாள். காளியாயி இறுக்கிப் போட்ட பின்னலை மெதுவாக அவிழ்க்கத் தொடங்கினாள்.

"நாளைக்கு நீயும் டவுனுக்கு வா," என்றாள். "வர மாட்டேன்னு அவங்ககிட்டச் சொல்லணும். தனியாப் போனா அழுதுருவேன்."

லோஜினிக்கு நெஞ்சு குளிர்ந்தது. குளிர்ந்த அதே நொடியில் சுருக்கென்று ஒரு குத்தும் குத்தியது. அவனுக்காக அழுவாளாம்! போகட்டும், ஒரு நாள் அழுதுவிட்டுப் போகட்டும். வருகிறேன் என்று தலையாட்டினாள். ஆட்டியபோது முடி அம்மாவின் விரலில் சிக்கி வலித்தது. அவள் கத்தவில்லை.

டிவியில் கேள்வி ஒன்று வந்து நின்றது. இப்படியே சேமிக்கவா, அழித்துவிடவா என்று. அழிக்கத்தானே அவள் பெட்டியையே இறக்கினாள். ஆனால் பஹத்தை அழித்துவிட்டால் லோஜினி யாரை ஜெயித்ததாக ஆகும்? சேமித்தாள்.