தொட்டிக்குப் பின்னால் உள்ள சுவர்

தெற்கு ஜெர்மனியில் எங்கள் சுவாபியாவில் மாப்பிள்ளை கிடைப்பது எளிது. பிளம்பர் கிடைப்பதுதான் கஷ்டம். ஓட்டீலியேவின் புது வீட்டுக்கு பிளம்பர் வெண்டலின் வந்த காலையில் பூச்சுக்காரர் வரவில்லை. கழிப்பறைத் தொட்டி மாட்ட வேண்டிய வெளிச்சுவரோ பூசாத சுவர். உள்ளெல்லாம் துளையான செங்கல். அப்படியே மூடிவிட்டால் ஆயுசுக்கும் அதன் வழியே குளிர்காற்று வரும், காற்று கசிகிறதா என்று பார்க்கும் பரிசோதனையிலும் வீடு தோற்கும்.

"இன்னைக்கு மாட்டலைன்னா ஈஸ்டருக்கு அப்புறம்தாம்மா," என்றார் வெண்டலின்.

ஓட்டீலியே குட்டி போட்ட பூனையாகச் சுற்றினாள்.

"மாஸ்டர், ஒன்பதாச்சே, சாப்பிடலையா?"

ஒன்பது மணி இடைவேளையில் வீடே எரிந்தாலும் எங்கள் ஊர் வேலைக்காரர் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவார். அவர் உட்கார்ந்ததும், சீக்கிரம் இறுகும் பூச்சைக் குழைத்து அவளே சுவரில் அப்பினாள்.

"சுவர் பூசறீங்களா, கேக்குக்கு க்ரீம் தடவறீங்களா?"

"கோணலா இருந்தா என்ன, காத்து வராம இருந்தா சரி."

ரொட்டி தீர்ந்தது. அவர் எழுந்து தொட்டியைத் தாங்கும் சட்டத்தைத் தூக்கினார். அப்போதுதான் அவள் கீழே பார்த்தாள். பூச்சு கான்கிரீட் தரையைத் தொடாமல் நாலு விரல் மேலேயே நின்றிருந்தது.

"ஐயோ மாஸ்டர், அடியில விட்டுட்டேன்!"

வெண்டலின் பெருமூச்சுடன் சட்டத்தை இறக்கிவிட்டுப் பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்தார்.

"மெதுவாத்தான் கடிப்பேன். நீங்க சீக்கிரம் பூசுங்க."