லனுவோலாவுக்காக யார் வேண்டுவது

சவாயித் தீவின் தென்கரையில் வயதான கன்னியாஸ்திரீகள் இருக்கும் மடத்தில் ஜெபம்தான் உத்தியோகம். பள்ளிக்கூடத்திலும் மருந்தகத்திலும் ஓடியாடி, முழங்கால் தேய்ந்தபிறகு இங்கே வருகிறவர்களிடம் தலைமைச் சகோதரி மலியா முதல்நாளே சொல்லிவிடுவார்: ஓய்வெடுக்க வரவில்லை, ஊருக்காக வேண்டிக்கொள்ள வந்திருக்கிறீர்கள். ஊர்க்காரர்கள் வந்து தங்களுக்கு வேண்டிய சகோதரியிடம் கேட்டுக்கொள்வார்கள். கேட்கப்பட்டவர் மாலை ஜெபத்தில் அந்தப் பேரைத் தம் வாயால் சொல்லவேண்டும். மற்றவர்கள் "ஆண்டவரே, கேட்டருளும்" என்பார்கள். ஒருவரிடம் வந்த பேரை இன்னொருவர் எடுத்துச் சொல்வது வழக்கமில்லை.

சிஸ்டர் அகெனேசேயிடம் யாரும் வருவதில்லை. தலைமையாசிரியையாக இருந்தவர். முதுகு வளையாமல், பின்னால் சாயாமல், வார்த்தை விழுங்காமல் ஜெபிப்பவர். வருகிறவர்கள் அவருக்கு மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு, அவரைத் தாண்டி சிஸ்டர் விட்டோலியாவின் நாற்காலிக்குப் போனார்கள்.

இருவரும் ஒரே வருஷம் மடத்தில் சேர்ந்தவர்கள். விட்டோலியா அந்தக் காலத்திலேயே ஜெபமாலையில் பாதியை மறந்து விட்டுவிடுவாள். இப்போது கேட்கவே வேண்டாம். வந்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு, மாமியார் எப்படி, பன்றி குட்டி போட்டதா என்று விசாரிப்பாள். அவர்கள் தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை அவள் எல்லாருக்கும் பகிர்வாள். அகெனேசே தனக்கு வயிறு சரியில்லை என்பார்.

அந்தப் புதன்கிழமை விட்டோலியாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தவள் லனுவோலா. அகெனேசேயின் சொந்தத் தம்பி மகள். கண்ணாடிப் பட்டைகள் வைத்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அகெனேசே துணி மடித்துக்கொண்டிருந்தார். லனுவோலா மறுபடி உண்டாகியிருக்கிறாள், முன்பு கலைந்ததுபோல இதுவும் ஆகிவிடுமோ என்று பயப்படுகிறாள் என்பதெல்லாம் ஜன்னல் வழியாகத்தான் அவருக்குத் தெரிந்தது. மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்தார்.

வாசலில் அவளை மறித்தார்.

"அத்தை ஒருத்தி இங்க இருக்கேன்னு ஞாபகம் இருக்கா?"

லனுவோலா தலையைக் குனிந்தாள். "உங்ககிட்ட சொன்னா, ஏன் மீன் கூடையைத் தூக்கினே, ஏன் பஸ்ல போனேன்னு கேப்பீங்க அத்தை. அதுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

"அவ என்ன கேட்டா?"

"பயமா இருக்கான்னு கேட்டாங்க."

அன்று மாலை விட்டோலியா லனுவோலாவின் பேரைச் சொன்னாள். எல்லாரும் பதில் சொன்னார்கள். அகெனேசே உதட்டை மட்டும் அசைத்தார், குரல் வரவில்லை. வரவழைக்கவும் இல்லை.

மறுநாள் காலை தனியாக முழந்தாளிட்டபோது மனசு அவரைக் கேட்காமலே ஓடியது. விட்டோலியாவின் ஜெபம் ஒருமுறை பலிக்காமல் போனால், ஊருக்கு அப்போதாவது புரியும். யாரிடம் கேட்டிருக்கவேண்டும் என்று தெரியும். அந்த நினைப்பு இனிப்பாகவே இருந்தது. கொஞ்சதூரம் அதன் பின்னாலேயே போனபிறகுதான், அது பலிக்காமல் போவதென்றால் என்ன ஆகவேண்டும் என்பது அவருக்கு உறைத்தது. எழுந்துகொள்ளப் பார்த்தார். முழங்கால் விடவில்லை. அப்படியே இருந்தார்.

அன்று மாலை ஜெபத்தில் விட்டோலியாவின் முறை வந்தது. மீனவர் வீட்டுப் பையனைச் சொன்னாள், கண் ஆபரேஷனுக்குப் போகும் கிழவரைச் சொன்னாள். பிறகு, "வயித்துல பிள்ளையோட இருக்கிற..." என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். கண்ணை மூடினாள், திறந்தாள். பேர் வரவில்லை. மலியா தலை நிமிர்ந்து பார்த்தார். மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

அகெனேசேக்குப் பேர் நாக்கு நுனியில் இருந்தது. பேசாமல் இருந்தால் விட்டோலியா எப்படிப்பட்டவள் என்று மடமே பார்த்துக்கொள்ளும். உரக்கச் சொன்னால் ஜெபம் தன்னுடையதாகிவிடும். தம்பி மகள்தானே, யாரும் குறை சொல்லமாட்டார்கள். பக்கத்தில் விட்டோலியாவின் கை பெஞ்சைத் தடவித்தடவித் தேடியது, பேர் அங்கே விழுந்துகிடப்பதுபோல.

அகெனேசே தலையைச் சாய்த்து, அவள் காதுக்குமட்டும் கேட்கிறமாதிரி, "லனுவோலா" என்றார்.

"லனுவோலாவுக்காக," என்றாள் விட்டோலியா, தானே நினைத்துக்கொண்டதுபோல.

"ஆண்டவரே, கேட்டருளும்." அகெனேசேயின் குரல் மற்றவர்கள் குரலுக்கு முன்னால் ஓடியது. வகுப்பில் வருகைப்பதிவு எடுத்த குரல் அது. மலியாகூடத் திரும்பிப் பார்த்தார்.

வெளியே வரும்போது விட்டோலியா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். படி இறங்க அவளுக்கு யாராவது வேண்டும்.

"நீயே சொல்லியிருக்கலாமே. உன் ரத்தம்தானே."

"அவ உன்கிட்டதானே கேட்டா."

"எரியுதா?"

"எரியாம? நேத்து நான் பதிலே சொல்லல, தெரியுமா உனக்கு?"

"தெரியும். என் பக்கத்துலதானே இருக்கே. நீ பதில் சொல்லாட்டி அந்தப் பக்கம் வெறிச்சுன்னு இருக்கு." விட்டோலியா சிரித்தாள். "இப்ப அந்தப் பிள்ளை பேரை இன்னொருதரம் சொல்லு."

"லனுவோலா." படியில் நின்று அகெனேசே மூச்சு வாங்கினார். "நாளைக்கு மறந்து தொலைக்காதே. இன்னிக்கே ரொம்ப யோசிச்சுட்டுத்தான் சொன்னேன்."