கதவில்லாத பட்டறை

கடைசிச் சட்டிக் கலவை ஏணியின் உச்சியைத் தொட்டபோது, கூரைப் பலகையைத் தாங்கி மூலையில் நின்ற முட்டுக்கால் ஒன்று அசைந்தது. மேலே நின்று கலவையைப் பரப்பிக்கொண்டிருந்த ஆண்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. அடுப்பங்கரை வாசலில் நின்ற துரய்யாதான் பார்த்தாள்.

"மிஃப்லிஹ்! அந்த மூலைக்காலைப் பாரு, நகருது!"

கணவரின் தம்பியும் கொத்தனாருமான மிஃப்லிஹ் ஏணியிலிருந்து குதித்து வந்து அந்த இரும்புக் காலை ஓர் உதை உதைத்தான். அடியில் ஆப்பை வைத்துச் சுத்தியலால் இரண்டு போடு போட்டான்.

"சம்பந்தி வீட்டு மாமியார் மாதிரி ஊணி நிக்குது, அண்ணி. இனி யார் சொன்னாலும் அசையாது."

எல்லோரும் சிரித்தார்கள். துரய்யா சிரிக்கவில்லை. தலைக்கு மேலே அத்தனை ஈரக் கலவையை ஏற்றிவிட்டு, வாடகைக்கு வந்த ஒல்லி ஒல்லியான கால்களை நம்பி நிம்மதியாக இருக்க அவளால் முடியவில்லை.

இத்தனைக்கும் அந்தப் பட்டறை வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றவளே அவள்தான். ஷவ்பக் மலைமேல் ஆப்பிள் தோட்டம் வைத்திருப்பவர்களில் பாதிப் பேரின் தண்ணீர் பம்புகள் அவள் வீட்டு அடுப்பங்கரையில்தான் உயிர் பிழைத்து எழும். கூட்டுறவுச் சங்கத்து மெக்கானிக் வேலை போன பிறகு அவள் கணவர் அவ்வாதுக்கு வேறு இடமும் கிடையாது. பருப்பில் கிரீஸ் மிதந்த ஒரு நாள், "இந்த வீட்டுல ஒண்ணு பம்பு இருக்கணும், இல்லே நான் இருக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க" என்று கரண்டியைக் கீழே வைத்தாள். அவ்வாத் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். அந்தக் கோபம் அவளுக்கு இன்றுவரை இருக்கிறது.

மறுநாளே பின்கட்டில், சமையலறைச் சுவருக்கும் ஆப்பிள் மரத்துக்கும் நடுவில், கயிறு பிடித்து அளந்தார். இடித்த பள்ளிக்கூடத்து மதில் கற்களைக் கழுதை வண்டியில் கொண்டுவந்தார். யாரோ வீசிய கோணல் கம்பிகளை இலையுதிர்காலம் முழுக்கக் கல்லின்மேல் வைத்துத் தட்டித் தட்டி நிமிர்த்தினார். ஜன்னல் சட்டங்கள் பழைய பேருந்து ஒன்றினுடையவை. புதிதாக வாங்கியது சிமெண்ட் மட்டும்தான். கதவு இன்னும் வரவில்லை. மஆன் நகரத்துப் பழைய சாமான் கடையில் ஓர் இரும்புக் கதவைப் பார்த்து வைத்திருந்தார். அதற்கென்று தனி வண்டி பிடிக்கக் கட்டுப்படியாகாது. அந்தப் பக்கம் வண்டி வரும்போது ஏற்றிவருகிறேன் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

தளம் போட்டு முடித்ததும் ஊர் வழக்கப்படி ஆடு அறுக்க வேண்டும், வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும். அவ்வாத் ஒரு சேவலைப் பிடித்துக்கொண்டு வந்தார். நிலைக்கல்லில் அதன் ரத்தத்தை விரலால் இழுத்துவிட்டார்.

"அண்ணே, ஆடு எங்கே?" என்றான் மிஃப்லிஹ். "சேவலா? உன் கூரை விடியக்காலையில கூவப் போகுது, பாரு."

"இருக்கிற கூரைக்குத் தக்க சேவல்டா. மாடி கட்டுறப்போ ஆடு."

"ரெண்டு இறக்கையையும் நானே தின்னுட்டா மாடிக்கு என்ன மிச்சம்?"

சோறும் தயிருமாகத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து, எலும்புக்கு ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு தின்று முடித்தார்கள். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும் சட்டென்று குளிர் வந்துவிட்டது. புறப்படும்போது மிஃப்லிஹ் அண்ணனை ஓரமாக அழைத்தான். துரய்யா தட்டுகளை அடுக்கிக்கொண்டே காதைக் கொடுத்தாள்.

"இன்னிக்குப் பனி கடுமையா இறங்கும்னு ரேடியோல சொன்னான், அண்ணே. ஈரத்தோட உறைஞ்சுதுன்னா அம்புட்டும் பாழ். முட்டுக்காலை எடுக்கறப்போ பொலபொலன்னு வந்துடும்."

"மேல வைக்கோல் போட்டுத் தார்ப்பாய் மூடியாச்சு. உள்ள கணப்பு வச்சு நான் பக்கத்துலேயே இருக்கேன்."

"முட்டுக்காலை நான் ரொம்ப நாள் விட்டுவைக்க முடியாதுண்ணே. வாதி மூஸாவுல தளம் போடணும்."

"எடுத்துக்கடா. அதுக்குள்ள இறுகிடும்."

பொலபொலவென்று வந்துவிடும் என்ற வார்த்தை துரய்யாவின் காதிலேயே தங்கிவிட்டது.

பட்டறை ஜன்னல்களுக்குக் கண்ணாடி இல்லாததால் அவ்வாத் பிளாஸ்டிக் தாளை இரண்டு மடிப்பாக மடித்து, ரீப்பர் வைத்து, காற்றுப் புகாமல் ஆணியடித்தார். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவர். வாசலில் தொங்கவிட மட்டும் ஒரு துண்டுத் தார்ப்பாய்தான் மிஞ்சியது. அது பக்கவாட்டில் ஒரு முழம் போதவில்லை.

கணப்பைத் துரய்யா மூட்டினாள். பாதியாக வெட்டிய தகர டிரம்மில் கரியைக் கொட்டி, முற்றத்தில் வைத்து விசிறினாள். கண்ணெரியும் புகை அடங்கி, கரி முழுக்கச் சிவந்து, மேலே சாம்பல் பூக்கும்வரை வெளியிலேயே வைத்திருந்தாள். புகைகிற கரி வெளியே, சிவந்த கரி உள்ளே. ஷவ்பக்கில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். அவளுடைய அம்மா அப்படித்தான் ஒன்பது பிள்ளைகளை வளர்த்தாள். அந்த வீட்டுக் கதவு இடுக்கில் பூனை போய்வரும், சுவரின் ஓட்டையில் நட்சத்திரம் தெரியும் என்பதையெல்லாம் யாரும் கணக்கில் சேர்த்துக்கொண்டதில்லை.

இருட்டிய பிறகு அவள் பருப்புச் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி எடுத்துப் போனாள். கால்களுக்கு நடுவே குனிந்து குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. அவ்வாத் வெறும் சிமெண்ட் பைகளின்மேல் பழைய மெத்தையைப் போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மேலே பலகை இடுக்கிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. துரய்யா திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"தண்ணிதான், உம்மு ஸைஃப். சூட்டுல விடுது" என்றார் அவர். மூத்த மகன் பெயரைச் சேர்த்துத்தான் அவளை எப்போதும் கூப்பிடுவார்.

"இதுக்குக் கீழ படுக்க வேணாங்க. வீட்டுக்கு வந்துடுங்க. நடுவுல நடுவுல வந்து பாத்துக்கலாம்."

"விழுந்துடும்னு பயப்படுறியா?"

"பயமாத்தான் இருக்கு."

"இது என் மேல விழுந்தா மிஃப்லிஹ் பேரு கெட்டுடும். அவன் விழ விடமாட்டான்." சிரித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தலைதான் கனக்குது. யாரோ கல்லைத் தூக்கி வச்ச மாதிரி."

"பொழுது பூரா காத்துல நின்னா? குளிர் ஏறியிருக்கும்." நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. "சூப்பைக் குடிங்க."

அவர் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "குமட்டுது. அந்தச் சேவல் என்னைப் பழி வாங்குது."

வாசல் பக்கம் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. அந்த ஒரு முழ இடைவெளியில் காற்று கத்தியாக வந்தது. அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"அந்தக் கதவு மட்டும் வந்திருந்தா அரண்மனைதான் இது" என்றார்.

துரய்யா வீட்டுக்குள் போய்ப் பெட்டியின் அடியிலிருந்து கல்யாணக் கம்பளியை எடுத்தாள். விருந்தாளிக்குக்கூட வெளியே எடுக்காத கம்பளி. அவருடைய ஆணி டப்பாவையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு, கம்பளியால் வாசலை மூடி, நிலைச் சட்டத்தின் மேல் ஒரு வரிசை, பக்கத்துக்கு ஒரு வரிசை ஆணி அடித்தாள். கீழே தரையில் மிச்சம் புரண்டதைச் சுருட்டி, அதன்மேல் கற்களை வைத்தாள். உள்ளே புகுந்து வெளியேற ஒரு மூலையை மட்டும் விட்டிருந்தாள். காற்றுச் சத்தம் நின்றது. பட்டறை நொடியில் வீடாகிவிட்டது.

"இப்ப எப்படியிருக்கு?"

"ராஜா மாதிரி இருக்கு" என்றார் அவர். கண்கள் ஏற்கெனவே சொருகியிருந்தன. "நீ போய்ப் படு."

வெளியே வந்து அந்த மூலையையும் இழுத்துக் கல் வைத்தாள்.

அன்று அவள் தூங்கியும் தூங்காமலும் கிடந்தாள். எங்கே என்ன முறிந்தாலும் கேட்க வேண்டுமென்று காதைப் பின்கட்டிலேயே வைத்திருந்தாள். ஒன்றும் முறியவில்லை. விடிகாலைப் பாங்கு கேட்டதும் முதல் வேலையாகச் சமையலறை ஜன்னலுக்கு ஓடினாள். கூரை இருந்தது. வெள்ளையாகப் பனி போர்த்திக்கொண்டு, விட்ட இடத்திலேயே இருந்தது. இறைவனுக்கு வாய்விட்டு நன்றி சொன்னாள். தேநீருக்குத் தண்ணீர் வைத்து, அவருக்குப் பிடித்த மாதிரிச் சர்க்கரையைக் கொட்டினாள்.

கம்பளியை விலக்கியதும் வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. கணப்பில் கரி வெளுத்துப் போயிருந்தது. அவ்வாத் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கன்னங்கள் சிவந்திருந்தன. இத்தனை நல்ல நிறத்தை அவர் முகத்தில் அவள் பார்த்து நெடுநாளாகியிருந்தது.

"எழுந்திருங்க. கூரை நின்னுடுச்சு" என்றாள்.

தேநீர்த் தட்டைக் கல்லின்மேல் வைத்துவிட்டு மறுபடியும் சொன்னாள். மூன்றாவது முறை தோளைத் தொட்டாள்.

மிஃப்லிஹ் ஓடிவந்தபோது கம்பளி வாசலில் இல்லை. அதை எப்போது பிடுங்கினாள், எப்போது சுருட்டி மாவு மூட்டைக்குப் பின்னால் திணித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆணிகள் பிய்த்துக்கொண்டு வந்ததில் உள்ளங்கை கிழிந்திருந்தது. அழுது மாரடித்ததில் பட்ட காயம் என்று பெண்கள் நினைத்துக்கொண்டார்கள்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து கணப்பைப் பார்த்தார், ஜன்னல் பிளாஸ்டிக்கைத் தட்டிப் பார்த்தார்.

"கரி விடுற வாயு நஞ்சு. வாசலும் மூடியிருந்துச்சா?"

"வாசலுக்கு ஏது கதவு, சார்?" என்றான் மிஃப்லிஹ் அழுதுகொண்டே. "ஒரு துண்டுத் தார்ப்பாய். அதுவும் பத்தல. பாருங்க, திறந்துதான் கிடக்கு. இதுலயும் ஒரு மனுஷன் சாவானா?"

போலீஸ்காரர் துரய்யாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, "விதி" என்று சொல்லிப் புறப்பட்டார்.

அகபாவில் துறைமுக வேலையிலிருந்த ஸைஃப் மதியத்துக்குள் வந்துசேர்ந்தான். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டார்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாதென்று அக்கம்பக்கத்தார் ஆடு அறுத்துச் சமைத்துத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தார்கள். கூரைக்குச் சேவல்தான் முடிந்தது அந்த மனிதருக்கு. இப்போது ஆடு வந்து குவிந்தது.

பக்கத்து வீட்டு உம்மு ராகான் துரய்யாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நீ என்னடி குறை வச்சே? கரியை வெளியில வச்சுப் புகை போக்கிக் கொடுத்தே. சூப்புக் கொண்டுபோய்க் கொடுத்தே. குளிருமேன்னு பாத்துப் பாத்துத்தானே செஞ்சே."

துரய்யா சொல்ல வாயைத் திறந்தாள். யாரோ கசப்புக் காபியை நீட்டினார்கள். வாங்கிக் குடித்தாள்.

மூன்றாம் நாள் துக்கம் கேட்க வந்தவர்கள் கலைந்துகொண்டிருந்தபோது, வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்று ஹார்ன் அடித்தது. ஓட்டிவந்தவர் மஆன் பழைய சாமான் கடைக்காரர். அவருக்கு விஷயம் தெரியாது.

"எங்கே அபூ ஸைஃப்? கதவு கதவுன்னு உயிரை வாங்கினாரே! துரு சுரண்டி, கீழே ரப்பர் வச்சுக் கொண்டாந்திருக்கேன். ஒரு பொட்டுக் காத்து நுழையாதுன்னு சொல்லுங்க!"

அவர் நாற்காலிகளைப் பார்த்தார், காபிக் கூஜாவைப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றினார். கதவைத் திருப்பி எடுத்துப்போகச் சொன்னால் பாவம் என்று மிஃப்லிஹ்தான் இறக்கினான். கடைக்காரரும் ஸைஃபும் ஒரு கை பிடித்தார்கள். மூவருமாக நிலையில் பொருத்தினார்கள். அவ்வாத் எடுத்த அளவு. உளியைத் தொட வேண்டிய வேலையே இருக்கவில்லை.

நிலையைத் தடவிக்கொண்டிருந்த ஸைஃப் ஓரிடத்தில் நின்றான். "சித்தப்பா, வரிசையா ஆணி ஓட்டை இருக்கே? இங்கே என்ன அடிச்சிருந்தீங்க?"

"தார்ப்பாயா இருக்கும்டா."

"தார்ப்பாய் ஆணி மேல இருக்கு. இது வேற."

"உங்கப்பன் எதையாவது அடிச்சுப் பாத்திருப்பான். சும்மா இருக்கற கையா அது?"

சமையலறை வாசலில் நின்றிருந்த துரய்யா முக்காட்டு நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மிஃப்லிஹ் உள்ளே போய், தன் முஷ்டியால் கூரையின் அடிப்பலகையை இடித்துப் பார்த்தான். முட்டுக்கால்களை இன்னும் கொஞ்ச நாளில் எடுத்துக்கொள்ளலாம், வாதி மூஸா வேலை காத்திருக்கட்டும், இது பாறைபோல இறுகிவிட்டது, எள்ளளவு வெடிப்பு இல்லை என்றான். சொல்லிவிட்டு மூலைக்காலைக் கட்டிக்கொண்டு தேம்பினான்.

மாலை காற்று மறுபடியும் மலையிலிருந்து இறங்கியது. ஆளில்லாத பட்டறையின் புதுக் கதவு அதுவாகவே நகர்ந்து, ரப்பர் உரச, மெல்லச் சாத்திக்கொள்ளப் பார்த்தது.

"நான் மூடிட்டு வரேம்மா" என்று ஸைஃப் எழுந்தான். "உள்ள பனி அடிக்குது."

"வேணாம்."

துரய்யா எழுந்து பின்கட்டுக்குப் போனாள். மிஞ்சிய கற்களில் கனமான ஒன்றைக் காயம்பட்ட கையோடு தூக்கினாள். கதவைச் சுவரோடு சுவராகத் தள்ளி, கல்லை அதன் அடியில் வைத்துக் காலால் நெருக்கினாள். அப்படியும் திருப்தியாகாமல் இன்னொரு கல்லைத் தேடப் போனாள்.