ஒற்றைப்படை வீடு, இரட்டைப்படை வீடு

யப்லோச்னயா தெருவில் இரட்டைப்படை எண் வீடுகளெல்லாம் சின்ன வழக்குகளைப் பார்க்கும் சமாதான நீதிபதியின் மூன்றாம் வட்டம், ஒற்றைப்படை வீடுகள் நான்காம் வட்டம். இந்தக் கூத்தை வகுத்த புண்ணியவான் யாரோ தெரியாது. இரண்டு நீதிமன்றங்களும் ஒரே கட்டடத்தில், ஒரே நடையில், எதிரெதிர்க் கதவுகளில் இருந்தன.

ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ரிம்மாவுக்கு விவாகரத்து வேண்டும். காரணம் சின்னது என்று ஊர் சொன்னது. பிப்ரவரியிலிருந்து ஜன்னலோரம் பேணிய தக்காளி நாற்றுகளோடு மே மாதம் தோட்டவீட்டுக்குப் போனவளை, முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நிறுத்தி, இடத்தைத் தான் வாங்கிவிட்டதாகச் சொன்னார். விற்றவன் கணவன் வெனியா. அப்பன் விட்டுப்போன சொத்து, விற்க அவனுக்கு உரிமை உண்டு. வாயைத் திறந்து சொல்ல மட்டும்தான் தெரியவில்லை. பதினோரு வருடமும் எல்லாமே இப்படித்தான்.

வெனியா கோபித்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்கு, பதினேழாம் எண்ணுக்குப் போய், முகவரியைப் பதிந்துகொண்டான். எதிராளி குடியிருக்கும் வட்டத்தில்தான் வழக்கு என்பதால் ரிம்மா நான்காம் வட்டத்தில் மனுப் போட்டாள். மனுவின் நகலை முதலில் எதிராளிக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். நகலில் எந்த வட்டம் என்று பார்த்தவன், எதிர்வரிசையில் இருபத்துநாலாம் எண்ணில் இருந்த நண்பன் வீட்டுக்கு முகவரியை மாற்றிவிட்டான். எதிராளி இந்த வட்டத்தில் இல்லை என்று மனு தபாலில் திரும்பியது. எதிர்க்கதவில் போட்டாள். அவன் திரும்ப அம்மாவிடம் ஓடினான். இப்படியே நாலு தடவை. கோடை முடிந்து பனி கொட்டத் தொடங்கியது.

ஐந்தாம் தடவை ரிம்மா விவரமாக நடந்தாள். இரண்டு கதவிலும் ஒரே நாளில் மனு, அவனுக்கும் இரண்டு நகல். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் வெனியா நடுத்தெருவில் நின்றதாகத் தபால்காரி சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அவன் முகவரி அப்போதும் அம்மா வீட்டில்தான் இருந்ததால் நான்காம் வட்டம் மனுவை ஏற்றது. ஏற்றபின் எங்கே குடிபோனாலும் வழக்கு நகராது.

விசாரணை நாளில் நீதிபதி அல்பினா செர்கெயெவ்னா வெனியாவைச் சிரிப்போடு பார்த்தார்.

"எதுக்குய்யா இந்த ஓட்டம்? யோசிக்க அவகாசம் வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சட்டமே மூணு மாசம் வரைக்கும் தருமே."

அது அவனுக்குத் தெரியாது. இப்போது கேட்கலாமா என்றான். அவளை விட மனசில்லை என்றும் தரையைப் பார்த்துச் சொன்னான். நீதிபதி ரிம்மாவிடம் திரும்பினார்.

"நாலு தடவை தெருவைத் தாண்டினாரும்மா," என்றாள் ரிம்மா. "என் வீடு பதினெட்டு. ஒவ்வொரு தடவையும் என் வாசல் வழியாத்தான் போனாரு. ஒரு தடவைகூட கதவைத் தட்டல."

நீதிபதியின் சிரிப்பு போய்விட்டது. வெனியா முதல்முறையாக நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான்.

"நீ சொல்றது நெசம்," என்றான். "எனக்குப் பயம். தட்டினா நீ போன்னு சொல்லிருவியோன்னு பயம்." பிறகு நீதிபதியிடம், "அவகாசம் வேணாம்மா. அவ கேட்டதைக் கொடுத்துடுங்க," என்றான்.

பதினோரு வருடத்தில் அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசிய நேரான பேச்சு அதுதான். இந்த மனிதனோடு வாழ்ந்திருக்கலாமே என்று ரிம்மாவுக்குத் தோன்றியது. மனுவில் உறுதியாக இருக்கிறாளா என்று நீதிபதி கேட்டார். ஆமாம் என்று சொல்ல அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.