சகலைகள் போட்ட டெண்டர்

அக்காவைக் கட்டியவருக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பெயர். தங்கையைக் கட்டியவருக்கு அமுக்குணி. பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயரும் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஜல்லி லாரி டிரைவர் முதல் சொந்த மாமியார் வரை யாருக்கும் அது ஞாபகமில்லை. லவுட்ஸ்பீக்கரிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால், அவர் செருப்பு மாட்டுவதற்குள் அது தெருமுனைக்குப் போய்விடும். அமுக்குணியிடம் மணி என்ன என்று கேட்டால்கூட, "எதுக்கு?" என்பார்.

இந்த இரண்டு சகலைகளும் கூட்டாக ஒரு பழைய பொக்லைனை வாங்கி, கால்வாய், தடுப்புச்சுவர் என்று காண்டிராக்ட் எடுத்துப் பிழைத்து வந்தார்கள். கொஞ்ச நாளாகப் பிழைப்பு ததிங்கிணத்தோம் போட்டது. போட்ட டெண்டர் எல்லாம் கை நழுவிப் போயிற்று. மிச்சம் இருந்தது ஆற்றங்கரைச் சீரமைப்பு ஒன்றுதான். அதுவும் போனால் பொக்லைனை விற்றுவிட்டு, அமுக்குணி பெரிய கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர்ந்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. அக்காளும் தங்கையும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களுக்குப் பதிலாகச் சமையலறையில் பாத்திரங்கள் பேசின. லவுட்ஸ்பீக்கருக்கோ ஒரே கவலைதான். சகலை இல்லாமல் யாரிடம் கத்துவது?

டெண்டர் போடுமுன் இருவரும் வரைபடத்தை எடுத்துக்கொண்டு கரையைப் பார்க்கப் போனார்கள். ஆறு வளைகிற இடம். மண் சரிந்து, மரவேர்கள் அந்தரத்தில் நின்றன. சரிவில் புல்லும் செடியும் நட்டுக் கரையை நிறுத்த வேண்டும், அதுதான் வேலை.

அமுக்குணி வரைபடத்தைப் பார்த்தார். அப்புறம் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். தலைக்கு மேலே, கிளையில், போன வெள்ளத்தில் வந்த கிழிந்த சாக்கும் பிளாஸ்டிக் பையும் மாட்டிக்கொண்டு ஆடின. வரைபடத்தில் செடி நட வேண்டிய இடமோ அவர்களுடைய முழங்காலுக்குக் கீழே.

"அட கடவுளே! கோடைத் தண்ணியைப் பாத்துப் படம் போட்டிருக்கான்!" என்று லவுட்ஸ்பீக்கர் கத்தியதில் அக்கரையில் இரண்டு நாய்கள் குரைத்தன.

"மெதுவா," என்றார் அமுக்குணி.

கரையோரம் டீக்கடை வைத்திருந்த அம்மாள் இரண்டு டீயை நீட்டினாள். "கரை கட்டவா வந்திருக்கீங்க? இதுக்கு முன்னாடி ரெண்டு பேர் கட்டினாங்க. ரெண்டு தடவையும் கரையோட என் கடையும் சேந்து போச்சு. நீங்க எத்தனாவது ஆளு?"

கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் லவுட்ஸ்பீக்கருக்குச் சுருக்கென்று தைத்தது. டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் வண்டியில் ஏறினார்.

வழியில் அமுக்குணி சொன்னார்: "இத பாருங்க சகல, நாளைக்கு டெண்டர் கூட்டம். யார் என்ன கேள்வி கேட்டாலும் பதில் எல்லாருக்கும் எழுத்துல போகும். நாம கண்டுபிடிச்சதை நாமளே ஊருக்கு விருந்து வைக்க வேணாம். வாயைத் திறக்காதீங்க."

"திறக்கலைன்னா?"

"படத்துல உள்ளபடி குறைஞ்ச ரேட்டு போடுவோம். வெள்ளம் வந்து அள்ளிட்டுப் போனா, 'நீங்க காட்டின இடத்துலதானே நட்டோம்'னு கையை விரிச்சுட்டு, திரும்பச் செய்யத் திரும்பக் காசு கேக்கலாம். எல்லாரும் அப்படித்தான் பொழைக்கிறாங்க."

லவுட்ஸ்பீக்கர் சத்தியம் பண்ணினார். பொக்லைன் மேல், பெண்டாட்டி மேல், கடைசியில் மாமியார் மேலும்.

மறுநாள் கூட்ட அறையில் மின்விசிறி கிரீச்சிட்டது. மேஜையின் ஒரு முனையில் டெண்டர் விட்ட பொறியாளர் அம்மா உட்கார்ந்திருந்தார். எதிரே பெரிய கம்பெனி மேனேஜர். வரைபடத்தைப் பிரித்த மேனேஜரின் விரல் ஆற்று வளைவில் வந்து நின்றது. ஒரு நொடி. பிறகு, குழந்தை தூங்குகிறது என்பதுபோல, சத்தமில்லாமல் படத்தை மடித்துவிட்டார். லவுட்ஸ்பீக்கர் சுற்றிப் பார்த்தார். மற்ற காண்டிராக்டர்களும் ஒவ்வொருத்தராக மடித்தார்கள். அடப்பாவிகளா, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது!

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றார் பொறியாளர்.

அமுக்குணி மேஜைக்கடியில் சகலையின் காலை மிதித்தார். லவுட்ஸ்பீக்கர் பல்லைக் கடித்தார். எத்தனாவது ஆளு, எத்தனாவது ஆளு என்று காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

"மேடம்!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "நட்ட செடி முதல் மழைக்கே போயிரும். தண்ணி மரக்கிளை வரைக்கும் ஏறியிருக்கு. அடியில கல்லடுக்கி, செடியை மேல கொண்டுபோகணும். ஒருக்கா வந்து பாருங்க!"

மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். பொறியாளர் அம்மா எழுந்து, "வாங்க, இப்பவே போய்ப் பாப்போம்," என்றார்.

ஒரே வாரத்தில் புது வரைபடம் எல்லாருக்கும் வந்து சேர்ந்தது. அடியில் கல், மேலே செடி. லவுட்ஸ்பீக்கர் சொன்னது சொன்னபடி. போனது ஒன்றே ஒன்று, கையில் இருந்த துருப்புச்சீட்டு. அமுக்குணி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"என் வாயாலேயே நம்ம பொழைப்பைக் கெடுத்துட்டேன்," என்று லவுட்ஸ்பீக்கர் மனைவியிடம் அழாத குறையாகச் சொன்னார். "ஆனா அந்த அம்மாவோட டீக்கடை மூணாவது தடவையும் போகும்னு தெரிஞ்சு எப்படி வாயை மூடிட்டு இருக்கிறது?"

"ஒங்களால முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? சாப்பிடுங்க," என்றாள் அவள்.

உறை பிரிக்கும் நாள். எழுத்தர் ஒவ்வொன்றாக வாசித்தார். பெரிய கம்பெனியின் ரேட்டு எக்கச்சக்கம். அடுத்தவருடையது அதைவிடக் கூடுதல். கடைசியாகச் சகலைகளின் உறை. அதுதான் எல்லாவற்றிலும் குறைவு. பொறியாளர் அம்மா வேலையைச் சகலைகளுக்கே கொடுத்தார்.

லவுட்ஸ்பீக்கருக்கு முகம் வெளுத்தது. வெளியே வந்ததும் சகலையின் சட்டையைப் பிடித்தார். "ஏய்யா, கணக்குல கோட்டை விட்டுட்டியா? நஷ்டத்துக்கா போட்ட?"

"லாபம் இருக்கு. பக்கத்து நர்சரியில செடி அத்தனையும், குவாரியில கல்லும் நமக்குன்னு முன்னாடியே சொல்லி வச்சுட்டேன். மத்தவங்க வெளியூர்ல இருந்து கொண்டு வரணும். அந்த லாரி வாடகையிலதான் அவங்க ரேட்டு ஏறிப்போச்சு."

"எப்ப சொல்லி வச்ச?"

"கரையைப் பாத்துட்டு வந்தோமே, அன்னைக்குச் சாயங்காலம்."

"கூட்டத்துக்கு முன்னாடியேவா? நான் கேப்பேன்னு தெரியுமா?"

"நீங்க கேக்காம இருந்தாத்தான் அதிசயம்."

"அப்புறம் எதுக்குய்யா வாயைத் திறக்காதன்னு சத்தியம் வாங்கின? காலை வேற மிதிச்ச!"

அமுக்குணி சட்டையை விடுவித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "ஒருவேளை நீங்க சும்மா இருந்துட்டா, நானே கேக்க வேண்டியிருக்கும். எனக்கு நாலு பேர் முன்னாடி பேச வராது. உங்களை வேணாம்னு சொன்னாத்தானே கட்டாயம் செய்வீங்க?"

லவுட்ஸ்பீக்கர் ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் சகலையைக் கட்டிக்கொண்டு அழுதார். "அமுக்குணி, அமுக்குணி! உனக்குப் பேர் வச்சவன் வாயில சர்க்கரையைப் போடணும்!"

வேலை தொடங்கிய அன்று பொக்லைன் கரையில் இறங்கியது. டீக்கடை அம்மாள் கடைக்கு வெளியே வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது.

"அன்னைக்குக் கேட்டேன், பதில் சொல்லாமப் போயிட்டீங்களே. நீங்க எத்தனாவது ஆளு?"

"மூணாவது," என்றார் அமுக்குணி, சகலை வாயைத் திறப்பதற்குள். "கடைசியும்."