பஞ்சுவின் தீர்ப்பு

அந்தக் கட்டடத்தில் அவளுக்கு வயலின்காரி என்றுதான் பெயர். வைத்தது கீழ்வீட்டுத் தையல்காரி. பாராட்டாக ஒன்றும் வைக்கவில்லை. பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வீங்கின கன்னத்தோடு வருகிறவர்களுக்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிப் பெட்டியைத் திறந்துவிடுவாள். அந்த ஒரு மணி நேரத்தில் சமையலும் கிடையாது, பேச்சும் கிடையாது.

கேட்க ஆளில்லாமல் இல்லை. பால்கனிக் கம்பியில் இரண்டு புறாக்கள் வந்து உட்காரும். அவள் எத்தனை தப்பு விட்டாலும் அவை பாட்டுக்கு இறகு கோதிக்கொண்டிருக்கும். தையல்காரியின் மஞ்சள் பூனை கொஞ்சம் விவரமானது. பெட்டி திறக்கும் சத்தம் கேட்டாலே சுவரேறிக் கிளம்பிவிடும். பஞ்சு அப்படியில்லை. பெயருக்கு ஏற்ற வெள்ளை நாய். அவள் நின்று வாசிக்கும்போது அவள் பாதத்தின் மேலேயே தாடையை வைத்துத் தூங்கும். கால் மரத்துப்போகும், இருந்தும் அவள் நகர்த்த மாட்டாள்.

“மனுஷங்க முகத்துக்காகப் பொய் சொல்லுவாங்க. நாய் சொல்லாது,” என்பாள் புருஷனிடம். “நான் கண்டபடி வாசிச்சா இது இப்படித் தூங்குமா?”

“தூங்காதுதான்,” என்பார் பேக்கரிக்காரர்.

அவர் நல்லவர். ஊரே அப்படித்தான் சொல்லும். விடிவதற்கு முன்னால் அடுப்படிக்குப் போய், மத்தியானம் மாவு வாசனையோடு வீடு திரும்புவார். சட்டைப் பையில் உடைந்த பிஸ்கட் இல்லாமல் வந்ததே இல்லை, எல்லாம் பஞ்சுவுக்கு. யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. வேண்டாம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டவர்கள் கிடையாது. இப்படி ஒருத்தர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று பல் டாக்டர்கூடச் சொல்லியிருக்கிறார். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள், பாவி.

ஒரு நாள், அவள் எப்போதோ எழுதிப் போட்டிருந்த நகரத்து வாத்தியக் குழுவிலிருந்து போன் வந்தது. வயலின் வரிசையில் ஒரு இடம் காலி. அந்த இடங்கள் சுலபத்தில் காலியாவதில்லை. ஒருவர் ஓய்வு பெற வேண்டும், அல்லது செத்துப்போக வேண்டும். முதலில் ஒரு பதிவு அனுப்பச் சொன்னார்கள். நல்ல போன் புருஷனிடம்தான் இருந்தது. அவரையே பதிவு செய்யச் சொன்னாள். அவரும் மூச்சு விடாமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். அனுப்பிய மறுவாரமே, அடுத்த மாதம் நேரில் வந்து வாசித்துக் காட்டுங்கள் என்று பதில் வந்துவிட்டது.

சின்ன வயதிலிருந்து அவள் ஆசைப்பட்டது இது ஒன்றுதான். புடவை கேட்டதில்லை, நகை கேட்டதில்லை. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“வெளியூர்ல தங்க வேண்டி வருமா?” என்று கேட்டார்.

“மாசத்துல ரெண்டு மூணு நாள் இருக்கும்.”

“ம். ரொம்ப சந்தோஷம்,” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு வாரமோ பத்து நாளோ போயிருக்கும். வில்லைக் கம்பியில் வைத்து இழுத்தாள். பாதத்தில் படுத்திருந்த பஞ்சு எழுந்து உட்கார்ந்து, கழுத்தை மேலே தூக்கி, சாவு வீட்டுக்கு வந்த மாதிரி ஒரு ஊளை விட்டது. அவள் நிறுத்தினாள். அது விருட்டென்று சமையலறைக்கு ஓடி அவர் காலடியில் ஒண்டிக்கொண்டது.

“பாவம், அதுக்குத் தாங்கல போல,” என்று அவர் குனிந்து தடவிக்கொடுத்தார்.

மறுநாளும் அதே கூத்து. அதற்கு மறுநாளும். கம்பிகளை மாற்றினாள். ஜன்னலைச் சாத்தி, கீழ்ஸ்தாயியில் மட்டும் வாசித்துப் பார்த்தாள். விலங்கு மருத்துவர் பஞ்சுவின் இரண்டு காதுகளுக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை, சில நாய்கள் அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். குறை இல்லாத காது என்றால் குறை எங்கே இருக்கிறது? வீடு வரும்வரை அவளுக்கு இதே கேள்விதான். நேற்றுவரை தூங்கின நாய் இன்றைக்கு ஓடுகிறது என்றால் கை கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். பதிவைக் கேட்டுக் கூப்பிட்டவர்கள் ஏதோ மறதியில் கூப்பிட்டிருப்பார்கள்.

படிக்கட்டில் தையல்காரி வழிமறித்தாள்.

“ஏம்மா, சாயங்காலம்தான் கச்சேரின்னா பொறுத்துக்கலாம். மத்தியானமும் ஆரம்பிச்சுட்டீங்களே. நீங்க ஒரு பக்கம் இழுக்க, அது ஒரு பக்கம் அழ, ரெண்டு ரவிக்கை கோணலா வெட்டிட்டேன்.”

மத்தியானத்தில் அவள் எங்கே வீட்டில் இருந்தாள்? பல் டாக்டரிடம் அல்லவா இருந்தாள். கோபத்தில் பொம்பளை வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு மேலே ஏறினாள். அங்கேயே நின்று இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அதற்கு யார் என்ன செய்ய முடியும்.

நேரில் வாசிக்கப் போக வேண்டிய வாரம் வந்தது. வில்லைத் தொட்டாலே போதும். நாய் ஊளையிடுவதற்கு முன்பே அவள் காதில் ஊளை கேட்டது. குழுவுக்குப் போன் போட்டு, உடம்பு சரியில்லை, வர முடியாது என்றாள். அந்தப் பக்கம் இருந்தவர் வேறு தேதி தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்றுவிட்டாள். வயலின் பெட்டி பீரோ மேல் ஏறியது.

“நல்லா யோசிச்சுக்கோ. உன் இஷ்டம்,” என்றார் பேக்கரிக்காரர். அன்றைக்கு டீகூட அவர்தான் போட்டார். அவள் அந்த டீயைக் குடித்துக்கொண்டே அழுதாள். அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார், பஞ்சுவைத் தடவியது போலவே.

காலியான இடத்துக்கு யாரோ ஒரு பெண் வந்துவிட்டாளாம். வயது இருபத்து ஐந்தாம். இனி அவள் ஓய்வு பெறும்வரை காத்திருப்பதென்றால் வயலின்காரி எழுந்து நடமாடினாலே பெரிய விஷயம்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்திருந்தாள். அண்ணனும் தங்கையும் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயலின்காரி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பஞ்சு மேசைக்கடியில் நல்ல தூக்கம். நாத்தனார் சேனலை மாற்றிக்கொண்டே வந்தவள், ஒரு கச்சேரியில் நிறுத்தினாள். யாரோ பெரிய வித்வான். வயலின் என்றால் அப்படி ஒரு வயலின். கல்லும் கரையும் என்பார்களே, அது.

பஞ்சு விழித்தது, எழுந்து உட்கார்ந்தது, கழுத்தை மேலே தூக்கி ஊளையிட்டது.

ஊளையிட்டு முடித்து, வாலை ஆட்டிக்கொண்டே நேராக பேக்கரிக்காரரிடம் போய், ஒரு முன்னங்காலைத் தூக்கி அவர் முழங்கால் மேல் வைத்து, அவர் சட்டைப் பையையே பார்த்தது. அவர் அசையவில்லை. அது இன்னொரு தடவை, சின்னதாக ஊளையிட்டுக் காட்டிவிட்டு மறுபடியும் பையைப் பார்த்தது.

“அடடே, நல்லா பழக்கி வச்சிருக்கியே அண்ணா,” என்று நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். “அண்ணி, பாத்தீங்களா இத?”

பார்த்தாள். பட்டாணி கையிலேயே இருந்தது. தையல்காரியின் கோணல் ரவிக்கை ஞாபகம் வந்தது. ஆளில்லாத மத்தியானங்களில், மாவு அப்பிய விரலால் அவர் தன் போனில் அவளுடைய வாசிப்பை ஓட விடுவதும், நாய் வாயைத் திறக்கும்வரை பொறுமையாகப் பிஸ்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதும் கண்ணெதிரே நடப்பது போல் தெரிந்தது. அது சமையலறைக்கு ஓடியது பயந்து அல்ல. பிஸ்கட்டுக்குக் கை நீட்டத்தான் ஓடியிருக்கிறது.

நாத்தனார் சிரிப்பு தானாக அடங்கியது. டிவியில் வித்வான் வாசித்துக்கொண்டே இருந்தார்.

“என்ன அப்படிப் பாக்குற?” என்றார் அவர். குரல் எப்போதும் போல மெதுவாகத்தான் வந்தது. “நான் என்னிக்காவது உன்னை வாசிக்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?”

“இல்லைங்க. நீங்க சொல்லல.”

பட்டாணிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அவளுக்கு அந்த நாய் மேல் கோபமே வரவில்லை. அதன் தலையை ஒரு தடவை தடவினாள்.

“கூலியக் குடுங்க,” என்றாள். “சொன்ன வேலையச் செஞ்சுட்டு எவ்வளவு நேரமா நிக்குது பாருங்க.”