துவைக்கக் கூடாத பனியன்

1
இந்தக் கதை எனக்குக் கதவுத் துவாரத்தின் வழியாகக் கிடைத்தது. எதிர்வீட்டுக்காரர் ஒரு பச்சைப் பனியனை மாட்டிக்கொண்டு நாலு மாடியும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அடுத்தவர் விஷயம் நமக்கெதற்கு என்று நினைத்தபடியே கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

2
'எட்டாவது ஆட்டத்துக்கு முந்தின நாள், அவர் நெஞ்சு திக்திக்கென்று...'

(வேண்டாம். சினிமாத்தனமாக இருக்கிறது.)

நேராகவே சொல்கிறேன். அவர் ஒரு கால்பந்து கிளப்பில் உடுப்பு துவைப்பவர். கிளப் வரிசையாக ஏழு ஆட்டம் ஜெயித்திருக்கிறது. வெற்றியெல்லாம் துவைக்காத தன் பனியனில் இருப்பதாகக் கோல்கீப்பருக்கு நம்பிக்கை. "அதுல தண்ணி பட்டா நீ வேற வேலை பாத்துக்கோ" என்று கோச் சொல்லிவிட்டார். பயந்துபோய், ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பனியனை வீட்டுக்கே கொண்டுவந்து காத்தவர், நேற்று ஞாபகமில்லாமல் தன் துணியோடு மெஷினில் போட்டுவிட்டார்.

3
"என்னங்க இது கூத்து?" வாசலில் மனைவி.

"கோல்கீப்பர் வேர்வை போச்சுடி. என் வேர்வையாவது இருக்கட்டும்."

"மூணாவது மேட்ச் முடிஞ்சப்பவே நான் அலசிப் போட்டாச்சு. நாத்தம் குடலைப் புடுங்குச்சு. உங்களுக்குத்தான் வருஷம் பூரா மூக்கடைப்பு."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப மிச்ச நாலு?"

"ஆடினாங்க, ஜெயிச்சாங்க."

"சொல்லிடவா?"

"சொல்லி, தோத்துட்டா?"

(கோல்கீப்பருக்குமா மூக்கடைப்பு என்று கேட்பீர்கள். அந்த இடம் எனக்கும் இடிக்கிறது.)

4
நாணயத்தைச் சுண்டி ஏழு முறை தலை விழுந்தாலும், எட்டாவது முறை அதற்கு எதுவும் ஞாபகமிருக்காது. சரி. ஆனால் நாணயத்துக்குப் பயமும் கிடையாது. ஏழு ஜெயித்தவன் எட்டாவதில் யோசிக்காமல் பாய்வான். ஆக, ஜெயித்தவனே ஜெயிக்கிற வெற்றி ஓட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் பனியன் நடுவில் சோப்புத் தண்ணீரைப் பார்த்ததே. ஆக...

(இங்கே இரண்டு பத்தி எழுதி அடித்தேன். காலையில் வெற்றி ஓட்டம் இருந்தது, மத்தியானம் இல்லை, இப்போது மறுபடி இருக்கிற மாதிரி இருக்கிறது.)

5
முடிவு ஒன்று: ஜெயிக்கிறார்கள். அவர் வாராவாரம் மாடி ஏறுகிறார்.

முடிவு இரண்டு: தோற்கிறார்கள். வேலை போகிறது.

இரண்டும் ஒட்டவில்லை. சற்றுமுன் அவர் பையோடு இறங்கிப் போனார். இனி வருவது என் சொந்தச் சரக்கு.

உடைமாற்றும் அறை. கோல்கீப்பர் பனியனை முகர்கிறான்.

"அண்ணே, வேற யாரோ மாதிரி அடிக்குதே. துவைச்சீங்களா?"

வெளியே கூப்பிடுகிறார்கள். எதிர்வீட்டுக்காரர் வாயைத் திறக்கிறார். அவர் சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லிவிடுங்கள். பார்த்துச் சொல்லுங்கள், அதை நம்பித்தான் அவன் பாயப் போகிறான்.